இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படித்தவர் என்ன வேலை பார்ப்பார்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்து கவுன்சலிங் ஆரம்பிக்கும் நாட்களில், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் பட்டியலைப் பார்க்கும் பெற்றோர் இந்தப் பெயரில் வந்து நின்றுவிடுவார்கள். "இது ஐ.டி.ஐ. மாதிரிதானே?" என்பார் ஒருவர். "மெக்கானிக்கல் கிடைக்காதவங்க எடுக்கிறது" என்பார் பக்கத்தில் நிற்பவர். "பேருதான் இன்ஜினியரிங், உள்ளே எல்லாம் மேனேஜ்மென்ட்" என்று இன்னொருவர். சிலர் இன்ஸ்ட்ருமெண்டேஷன் என்றே நினைத்துக்கொள்வார்கள்.

நான்கும் தவறு. ஓசூர் என்ற பெரிய தொழில் நகரத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அங்கே தினமும் நடக்கும் ஒரு வேலையைப் பற்றி நமக்கு இவ்வளவு குறைவாகத் தெரிந்திருப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

பெரியப்பாவும் பந்தியும்

ஒரு கல்யாண மண்டபம். சாப்பாட்டுக் கூடத்தில் 200 பேர் உட்காரலாம். வந்திருப்பவர்கள் 600 பேர், அதாவது மூன்று பந்தி. ஒரு பந்தி முடிய 30 நிமிடம், இலை எடுத்து, துடைத்து, அடுத்த இலை போட 10 நிமிடம். மூன்று பந்திக்கு 90 நிமிடம், நடுவில் இரண்டு முறை சுத்தம் செய்ய 20 நிமிடம். மொத்தம் 110 நிமிடம்.

கூட்டம் கதவை முட்டுகிறது. என்ன செய்யலாம்? சமையல்காரரை அவசரப்படுத்துவதில் பயனில்லை. சோறு எப்போதோ தயார். கூடத்தை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பெரியப்பாவுக்கு விஷயம் தெரியும். கடைசி வரிசைக்கு சாம்பார் வாளி வருவதற்குள் முதல் வரிசை மோருக்கு வந்துவிட்டது. முதல் வரிசைக்காரர்கள் சாப்பிட்டு முடித்தாலும் பந்தி எழ முடியாது. அவர் இரண்டு பையன்களைப் பிடித்து ஆளுக்கொரு வாளி கொடுத்துக் கடைசியிலிருந்து பரிமாறச் சொல்கிறார். பந்தி 22 நிமிடத்தில் முடிகிறது. மேசைமேல் பேப்பர் ரோல் விரிக்கச் சொல்கிறார். இலையோடு சேர்த்துச் சுருட்டி எடுத்துவிட்டால் சுத்தம் செய்ய 4 நிமிடம் போதும். இப்போது கணக்கு 66 நிமிடமும் 8 நிமிடமும், மொத்தம் 74. மண்டபம் அதேதான், அடுப்பும் அதேதான். 36 நிமிடம் மிச்சம்.

சாம்பார் எப்படி வைப்பது என்று பெரியப்பாவுக்குத் தெரியாமல் இருக்கலாம். அது அவர் வேலையும் இல்லை. ஆள், இடம், பொருள், நேரம் நான்கும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று பார்த்துச் சரிசெய்வதுதான் அவர் வேலை. இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரும் அதைத்தான் செய்கிறார். பெரியப்பா கண்ணால் மதிப்பிடுவதை இவர் அளந்து, கணக்குப் போட்டு, மாற்றுவதற்கு முன்பே விடை சொல்ல வேண்டும். அதற்குத்தான் நான்கு வருடப் படிப்பு.

லைனில் எது மெதுவோ அதுதான் வேகம்

இனி தொழிற்சாலைக்குள் போவோம். வண்டி உதிரிபாகம் பூட்டும் ஒரு லைனை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேர ஷிப்டில் சாப்பாடு, டீ போக ஏழரை மணி நேரம், அதாவது 27,000 விநாடி. வாடிக்கையாளருக்கு ஒரு ஷிப்டில் 450 வேண்டும். 27,000-ஐ 450-ஆல் வகுத்தால் 60 விநாடி. நிமிடத்துக்கு ஒன்று வெளியே வந்தாக வேண்டும். வாடிக்கையாளரின் தேவை விதிக்கும் இந்தத் தாளத்துக்கு டாக்ட் டைம் என்று பெயர்.

லைனில் நான்கு பேர் வரிசையாக வேலை செய்கிறார்கள். ஒரு பாகத்தை முடிக்க முதல் ஆளுக்கு 55 விநாடி, இரண்டாமவருக்கு 58, மூன்றாமவருக்கு 72, நான்காமவருக்கு 46. ஒரு இடத்தில் ஒரு சுற்று வேலைக்கு ஆகும் இந்த நேரம்தான் சைக்கிள் டைம். மற்ற மூவரும் எவ்வளவு வேகமாகச் செய்தாலும் 72 விநாடிக்கு ஒன்றுதான் வெளியே வரும். ஷிப்ட் முடிவில் 375, 75 குறைவு. அந்த மூன்றாவது இடத்தைத்தான் பாட்டில்நெக் என்கிறார்கள். பாட்டிலில் எவ்வளவு இருந்தாலும் கழுத்து விடும் அளவுதான் ஊற்றும்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது "இன்னொரு ஆள் போடு" அல்லது "புது மெஷின் வாங்கு" என்பது. இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர் அந்த 72 விநாடியைப் பிரித்துப் பார்ப்பார். எடுத்து வைக்க 9, நான்கு ஸ்குரூ முடுக்க 44, சரிபார்க்க 12, நகர்த்த 7. சரிபார்க்கும் அந்த 12 விநாடியை நான்காமவரிடம் கொடுத்தால்? லைன் 55, 58, 60, 58 ஆகிவிடும். ஒரு ரூபாய் செலவில்லாமல் 450 வரும். இதற்கு லைன் பேலன்ஸிங் என்று பெயர். நிஜத்தில் இவ்வளவு சுலபமாக அமையாது. வேலையின் வரிசை மாறக்கூடாது, கருவி பக்கத்தில் இருக்க வேண்டும், அந்த நான்காமவருக்குச் சரிபார்க்கப் பயிற்சி வேண்டும். இந்தச் சிக்கல்களைச் சமாளிப்பதற்குத்தான் சம்பளம்.

வேலை ஆளைத் தேடி வருவது போல லைனை நகரவைத்த ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையில் 1913-14 வாக்கில், ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட ஆன சுமார் பன்னிரண்டரை மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. கார் அதேதான், செய்த விதம் மாறியது.

இதுவரை பார்த்தது: டாக்ட் டைம் என்பது நமக்குத் தேவையான வேகம், சைக்கிள் டைம் என்பது ஓரிடத்தின் வேகம், பாட்டில்நெக் என்பது மற்ற எல்லோரையும் காக்க வைக்கும் இடம்.

ஸ்டாப்வாட்ச் பற்றி ஒரு வார்த்தை

இந்தத் துறைக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்தது ஸ்டாப்வாட்ச்தான். கையில் அட்டையும் கடிகாரமுமாக ஒருவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆபரேட்டர் வழக்கமான வேகத்தை விட்டுவிடுவார். பயந்தவர் வேகமாகச் செய்வார், அனுபவசாலி நிதானமாகச் செய்வார்.

அதனால் கடிகாரம் காட்டும் எண்ணை அப்படியே எடுப்பதில்லை. ஒருவர் 50 விநாடியில் முடிக்கிறார், ஆனால் சராசரி ஆளைவிட 10 சதவீதம் வேகமாகச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சாதாரண நேரம் 55 விநாடி. இப்படி வேகத்தை மதிப்பிடுவது ரேட்டிங். அதன்மேல் களைப்பு, தண்ணீர், கழிப்பறை, சின்னச் சின்னத் தடங்கல்களுக்காக 15 சதவீதம் கூட்டினால் 63 விநாடிக்குக் கொஞ்சம் மேல் வரும். இந்தக் கூட்டலுக்கு அலவன்ஸ், கிடைக்கும் விடைக்கு ஸ்டாண்டர்டு டைம் என்று பெயர். ஒரு ஷிப்டுக்கு அந்த ஆளிடம் எதிர்பார்க்கக்கூடியது 426 அல்லது 427 பாகங்கள். அலவன்ஸும் ரேட்டிங்கும் தெரியாத ஒருவர் 50 விநாடியையே வைத்துக் கணக்குப் போட்டால் 540 என்று வரும். இடையில் இருக்கும் அந்த நூற்றுச் சொச்சத்துக்காகத்தான் லைனில் சண்டை நடக்கிறது. என்னைக் கேட்டால், ஒரு இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரின் நேர்மையை அவர் போடும் அலவன்ஸை வைத்தே எடைபோட்டுவிடலாம்.

வேலையை அளப்பது ஒரு பாதி. வேலையை எளிதாக்குவது மறு பாதி. அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் என்பவர் கட்டட வேலையில் கொத்தனாராகத் தொடங்கியவர். ஒரு செங்கல் வைக்க 18 அசைவுகள் ஆவதைக் கவனித்தார். கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்து நிமிராதபடி, செங்கல்லும் கலவையும் இடுப்பு உயரத்திலேயே இருக்கும் சாரத்தை அமைத்தார். அசைவுகள் ஐந்துக்குள் வந்தன. கொத்தனார் வேகமாக ஓடவில்லை, குனிவதை நிறுத்தினார், அவ்வளவுதான். அவருடைய மனைவி லில்லியன் கில்பிரெத் உளவியல் படித்தவர். காலால் மிதித்தால் மூடி திறக்கும் குப்பைத்தொட்டி அவருடைய யோசனைகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. உடலுக்கு ஏற்றபடி வேலையிடத்தை அமைக்கும் இந்தப் பிரிவுதான் எர்கனாமிக்ஸ்.

மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் ஒரு கணக்கு

ஜூன், ஜூலையில் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் தொழிற்சாலைகளின் வாசலில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தார்ப்பாய்க்கு அடியில் காய் சூடேறிக்கொண்டிருக்கும். டிரைவர் வண்டி நிழலில் படுத்திருப்பார். தோட்டக்காரருக்கு வாடகையும் ஏறும், எடையும் குறையும்.

வரிசையில் 40 வண்டி நிற்கிறது, ஃபேக்டரி மணிக்கு 5 வண்டி இறக்குகிறது என்றால், கடைசி வண்டிக்கு எட்டு மணி நேரம் ஆகும். இது யாரும் சொல்லிவிடும் கணக்குதான். இதன் பொது வடிவம் இது: வரிசையில் நிற்பவற்றின் எண்ணிக்கை என்பது வரும் வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் இது வங்கி, மருத்துவமனை, தொழிற்சாலை என்று நிலையாக ஓடும் எந்த வரிசைக்கும் பொருந்தும் என்று நிரூபித்தார். லிட்டில் விதி என்கிறார்கள்.

யாரும் சொல்லிவிட முடியாத கணக்கு ஒன்று இருக்கிறது. வாசலில் ஒரு எடைமேடை. சராசரியாக மணிக்கு 10 வண்டி எடை போடும். மணிக்கு 8 வண்டிதான் வருகிறது. அப்படியானால் வரிசையே இருக்கக்கூடாதே? ஆனால் வண்டிகள் சொல்லிவைத்தாற்போல ஏழரை நிமிடத்துக்கு ஒன்றாக வருவதில்லை. மூன்று சேர்ந்து வரும், அப்புறம் கால் மணி நேரம் ஒன்றுமே வராது. ஒரு வண்டிக்கு மூன்று நிமிடம், இன்னொன்றுக்குச் சீட்டில் தகராறு வந்து பன்னிரண்டு நிமிடம். சும்மா இருந்த கால் மணி நேரத்தை மேடை சேமித்து வைக்க முடியாது. இப்படி ஒழுங்கில்லாத வருகைக்குப் பாடப்புத்தகச் சூத்திரம் தரும் விடை: வரிசையில் நிற்பதையும் எடை போடுவதையும் சேர்த்து ஒரு வண்டிக்குச் சராசரியாக 30 நிமிடம்.

மணிக்கு 8 என்பது 9 ஆனால்? 60 நிமிடம். ஒன்பதரை ஆனால்? 120 நிமிடம்.

இன்னொரு முறை பாருங்கள். கூடியது அரை வண்டி, காத்திருப்பு இரட்டிப்பாகிவிட்டது. மேடை முழுக் கொள்ளளவை நெருங்க நெருங்க வரிசை வாலைப் போல நீளும். "மெஷின் நூறு சதவீதம் ஓட வேண்டும்" என்று பிடிவாதம் பிடிக்கும் முதலாளிக்கு இதைப் புரியவைப்பது இந்தத் துறைக்காரர்களின் நித்தியப் பாடு. இந்தக் கணிதத்துக்கு வரிசைக் கோட்பாடு என்று பெயர். டென்மார்க்கின் எர்லாங் என்பவர் 1909-இல், கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்தில் எத்தனை இணைப்புகள் வைத்தால் போதும் என்று பார்க்கப்போய்த் தொடங்கியது இது.

தீர்வும் கணக்கிலேயே இருக்கிறது. வண்டிகளுக்கு முன்கூட்டியே டோக்கன் கொடுத்து நேரம் பிரித்துவிட்டால், இரண்டாவது மேடை கட்டாமலேயே வரிசை பெருமளவு கரையும். ஒழுங்கின்மையைக் குறைப்பது கொள்ளளவைக் கூட்டுவதற்குச் சமம்.

பெயரில் 'சிஸ்டம்ஸ்' எதற்கு?

சில கல்லூரிகளில் இந்தப் படிப்புக்கு 'இண்டஸ்ட்ரியல் அண்டு சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்' என்று பெயர். அந்த இரண்டாவது சொல் எதற்கு என்று பார்க்க, மறுபடியும் மாங்கூழ் ஃபேக்டரிக்கே போவோம். எடைமேடையைச் சரிசெய்தாயிற்று. வண்டிகள் சட்டென்று உள்ளே வருகின்றன. இப்போது காய் பழுக்க வைக்கும் இடத்தில் குவிகிறது. அங்கே இடம் பெருக்கினால் ஒரே நாளில் எல்லாம் பழுத்து, கொட்டை நீக்கிக் கூழாக்கும் இயந்திரம் திணறுகிறது. அதையும் பெரிதாக்கினால், கூழைச் சூடாக்கி நிரப்பும் இடத்தில் டிரம் இல்லை. ஒரு இடத்தில் சரிசெய்த பிரச்சினை அடுத்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

தோட்டம் முதல் ஏற்றுமதி வரை எல்லாவற்றையும் ஒரே கணக்காகப் பார்க்கும் பார்வைதான் சிஸ்டம்ஸ் என்பது. இதற்கு ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்ற கணிதம் துணை. எந்தக் காயை எந்த நாளில் எந்த ஃபேக்டரிக்கு அனுப்பினால் செலவு குறையும் என்பதுபோல், ஆயிரக்கணக்கான வாய்ப்புகளில் சிறந்ததைத் தேடித் தருவது அது. இரண்டாம் உலகப்போரில் ராணுவத் தேவைகளுக்காக வளர்ந்து, 1947-இல் ஜார்ஜ் டான்ட்சிக் தந்த, சிறந்த விடையைப் படிப்படியாகத் தேடும் சிம்ப்ளெக்ஸ் முறையால் தொழிலுக்குள் வந்தது. விமான நிறுவனங்கள் பைலட்டுகளுக்கு டியூட்டி போடுவதும், கூரியர் லாரிக்கு வழி பிரிப்பதும், மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டருக்கு நேரம் ஒதுக்குவதும் இதே கணித வகைதான். ஆகவே 'இண்டஸ்ட்ரியல்' என்பதால் புகைபோக்கி மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

யாருக்குப் பொருந்தும்?

முதல் வருடம் மற்ற இன்ஜினியரிங் போலத்தான். அப்புறம் புள்ளியியல், நிகழ்தகவு, ஆபரேஷன்ஸ் ரிசர்ச், வேலை ஆய்வு, எர்கனாமிக்ஸ், தரக் கட்டுப்பாடு, உற்பத்தித் திட்டமிடல், செலவுக் கணக்கு, கணினியில் தொழிற்சாலையை ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன், கொஞ்சம் புரோகிராமிங். பிளஸ் டூ கணிதத்தில் நிகழ்தகவுப் பரவல்கள் பாடத்தைச் சாய்ஸில் விட்டவர்கள் இங்கே வந்து அதையே நான்கு வருடம் பார்க்க வேண்டியிருக்கும்.

"மெஷின் கையில் தொட வேண்டாம், ஏசி ரூம் வேலை" என்று எடுப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். ஷிப்ட் ஆரம்பிக்கும் நேரத்தில் போய் லைனில் நிற்க வேண்டும். இருபது வருடம் சர்வீஸ் போட்ட ஆபரேட்டரிடம், "அண்ணே, இதை இப்படி வச்சா உங்களுக்கு வசதியா இருக்குமா?" என்று கேட்கத் தெரிய வேண்டும். அவர் சொல்லும் பதிலில் பாதி விடை இருக்கும். இஞ்சின், கியர் என்றால் உயிர் என்பவர்கள் தயங்காமல் மெக்கானிக்கலுக்கே போகலாம்.

எங்கே படிப்பது, எதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது

பி.ஈ. இண்டஸ்ட்ரியல் என்ற பெயரிலேயே படிப்பு நடத்தும் கல்லூரிகள் தமிழ்நாட்டில் மிகக் குறைவு. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் இருக்கிறது. 200-க்கான கட் ஆஃபை வைத்து வழக்கமான கவுன்சலிங் மூலம் சேரலாம். ஜே.ஈ.ஈ. அட்வான்ஸ்டு எழுதுபவர்களுக்கு காரக்பூர் ஐ.ஐ.டி.யில் இண்டஸ்ட்ரியல் அண்டு சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் என்ற பெயரிலேயே துறை உண்டு. திருச்சி என்.ஐ.டி.யில் இதற்கு நெருங்கிய உறவான புரொடக்‌ஷன் இன்ஜினியரிங் இருக்கிறது.

ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு பக்கம். அங்கே ஆர்.வி. கல்லூரி போன்ற சிலவற்றில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் அண்டு மேனேஜ்மென்ட், சுருக்கமாக ஐ.ஈ.எம்., இருக்கிறது. வெளிமாநிலத்தவர், கர்நாடகத் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான காமெட்-கே எழுதலாம். ஒரு எச்சரிக்கை: கர்நாடகக் கல்லூரிகளின் பட்டியலில் ஐ.எஸ்.ஈ. என்று இருப்பது இன்ஃபர்மேஷன் சயின்ஸ். அது கம்ப்யூட்டர் படிப்பு. இண்டஸ்ட்ரியல் அண்டு சிஸ்டம்ஸ் என்று நினைத்துக்கொண்டு டிக் அடித்துவிடாதீர்கள்.

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலும், தருமபுரி செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியிலும் மெக்கானிக்கல் இருக்கிறது, இண்டஸ்ட்ரியல் தனியாக இல்லை. அதனால் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. இந்தத் துறையில் இருப்பவர்களில் மெக்கானிக்கல், புரொடக்‌ஷன் படித்து வந்தவர்கள் ஏராளம். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் புரொடக்‌ஷன் அண்டு இண்டஸ்ட்ரியல் என்று தனித் தாளே உண்டு. அதை எழுதி எம்.டெக். போகலாம். 1963-இல் இந்தத் துறைக்கென்றே தொடங்கிய மும்பையின் நிட்டி (NITIE) என்ற கல்வி நிறுவனம், 2023-இல் ஐ.ஐ.எம். மும்பை ஆகிவிட்டது, அங்கே பட்டமேற்படிப்பு இருக்கிறது.

வேலை விஷயம்

ஓசூரில் டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் என்று தொடங்கி உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள் வரை வரிசையாக இருக்கின்றன. பர்கூர், போச்சம்பள்ளி பக்கம் மின்சார ஸ்கூட்டர், காலணி; ஓசூரை அடுத்து எலக்ட்ரானிக்ஸ். டிவிஎஸ் மோட்டார் 2002-இல் ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியது. தரத்தையும் வேலை முறையையும் ஒரு நிறுவனம் முழுக்கச் சீராக்கினால் கிடைக்கும் பரிசு அது. இங்கே உற்பத்தித் திட்டமிடல், தரம், ஸ்டோர்ஸ், சப்ளை செயின், லேஅவுட் என்று பல பெயர்களில் இந்த வேலை இருக்கும். ஆயத்த ஆடைத் தொழிலில் மட்டும் 'ஐ.ஈ.' என்பதே பதவியின் பெயர். ஒரு சட்டை தைக்க எத்தனை நிமிடம் என்ற சாம் (SAM, ஸ்டாண்டர்டு அலவ்டு மினிட்ஸ்) கணக்கு போடுபவர் அவர்தான். ஈ-காமர்ஸ் கிடங்குகளும், டேட்டா பார்க்கும் மென்பொருள் நிறுவனங்களும் எடுக்கின்றன.

மறைக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. நிறைய விளம்பரங்களில் "மெக்கானிக்கல்" என்று மட்டும் போட்டிருப்பார்கள்; பட்டத்தின் பெயரைப் பார்த்துவிட்டு மனுவை ஓரம் வைக்கும் எச்.ஆர். அலுவலர்களும் இருக்கிறார்கள். அரசு, பொதுத்துறை வேலைகளில் அறிவிக்கைக்கு அறிவிக்கை தகுதி மாறும். சிலவற்றில் புரொடக்‌ஷன், இண்டஸ்ட்ரியல் இரண்டையும் மெக்கானிக்கலுக்கு இணையாக ஏற்பார்கள், சிலவற்றில் ஏற்கமாட்டார்கள். அரசு வேலைதான் குறி என்றால் இங்கேயே மெக்கானிக்கலோ சிவிலோ எடுப்பது பாதுகாப்பு. அந்தக் கவலை இல்லாமல், கணக்கும் மனிதர்களும் இரண்டும் பிடிக்கும் என்பவர் கிண்டியில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

பர்கூரிலோ செட்டிக்கரையிலோ மெக்கானிக்கல் சேர்ந்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள், மூன்றாம் வருடத்திலேயே ஆபரேஷன்ஸ் ரிசர்ச் போன்ற விருப்பப் பாடங்களைக் கேட்டு எடுங்கள். எக்செல் நன்றாகப் பழகுங்கள், பைத்தான் கொஞ்சம். இன்டர்ன்ஷிப்புக்குப் பெரிய கம்பெனியே வேண்டும் என்பதில்லை. முப்பது பேர் வேலை செய்யும் ஓசூர் சிப்காட் பட்டறை ஒன்றில் அனுமதி வாங்கி, ஒரே ஒரு லைனின் சைக்கிள் டைம்களை எடுத்து, பாட்டில்நெக்கைக் காட்டி, மாற்றியதற்கு முன்னும் பின்னும் வந்த எண்களோடு இரண்டு பக்கத்தில் எழுதி வையுங்கள். இன்டர்வியூவில் அந்த இரண்டு பக்கத்திலிருந்துதான் கேள்வி கேட்பார்கள்.